ரேடியேட்டரில் இருந்த இரண்டு காலன்

1

பம்பாயைச் சுற்றிக் கடல்தானே இருக்கிறது, உனக்கும் பாலைவனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தென்காசியிலிருந்து பழைய நண்பர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். போன வருடம் என் மனைவியின் தம்பி முத்தையா ஜோத்பூர் ஆஸ்பத்திரியில் கிடந்த செய்தி அரைகுறையாக அங்கே எட்டியிருக்கிறது. லாரி கவிழ்ந்துவிட்டது என்று ஒரு தெருவிலும், ஒட்டகம் உதைத்துவிட்டது என்று இன்னொரு தெருவிலும் பேசிக்கொள்கிறார்களாம். இரண்டும் நடக்கவில்லை.

மதுரையில் ஒரு நாளிதழில் ஒன்பது வருடம் இருந்தவன் நான். முதலில் பிழை திருத்தினேன், பிறகு செய்தி எழுதினேன். ஒரே இதழில் மூன்றாம் பக்கம் ஒன்று சொல்லி ஏழாம் பக்கம் அதற்கு மாறாகச் சொன்னால், அதைக் கண்டுபிடிப்பதுதான் என் சம்பளத்துக்குரிய வேலை. அந்த வேலை போன பிறகு பம்பாய்க்கு வந்தேன். கோட்டைப் பகுதியில், ஆழ்கிணறு தோண்டும் ஒரு தனியார் கம்பெனியில் கடிதக் குமாஸ்தா. வீடு செம்பூரில். ஆட்கள் வெளியூர் வேலைக்குப் போனால் எதில் போகலாம், என்னென்ன எடுத்துப் போகலாம் என்று குறிப்பு எழுதி மேலே அனுப்புவதும் என் பொறுப்பு.

போன மாதம் அந்தப் பழைய கோப்பு மறுபடி என் மேசைக்கு வந்தது. இரண்டாம் பயணம். கீழே மேலாளர் எழுதியிருந்தார்: சென்ற முறை தயாரித்த குறிப்பு நன்றாக இருந்தது, தேதியை மட்டும் மாற்றி அனுப்பவும்.

2

கம்பெனிக்கு ஜெய்சல்மேருக்கு மேற்கே, சாலை என்று ஒன்று இல்லாத பகுதியில், நிலத்தடி நீர் பார்க்கும் ஒப்பந்தம் கிடைத்திருந்தது. தாஸ் என்ற வங்காளி நிலவியலாளரும் ஒரு டிரைவரும் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். டிரைவர் வேலைக்கு நான் முத்தையாவைச் சொன்னேன். தாராவியில் வாடகை டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பயணம் நல்லபடியாக முடிந்தால் கம்பெனியில் பர்மனென்ட். "நீங்க பாத்துச் செஞ்சா சரி" என்று என் மனைவி வடிவு அதோடு நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே ரத்த உறவு அவன்.

தேர்ந்தெடுக்க இரண்டு வாகனங்கள் இருந்தன. ஒன்று ஜீப். மற்றது யுத்தகாலத்து மிலிட்டரி லாரி, ராணுவம் கழித்த சாமான்களை விற்கும் குர்லா டிஸ்போசல் கடை ஒன்றில் விலைக்கு நின்றது. லாரியில் எட்டுப் பீப்பாய் தண்ணீர் ஏற்றலாம். ஜீப்பில் மூன்று கேன்தான். ஆனால் லாரி மணலில் இறங்கினால் இறங்கியதுதான். ஜீப்பை இரண்டு பேர் தோள் கொடுத்துத் தள்ளிவிடலாம்.

பம்பாயில் இதைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. டாக்ஸிக்காரர்கள், தீயணைப்பு நிலையத்தில் ஒருவர், மாதுங்கா மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்து சாப்பிடும் ஓய்வுபெற்ற ஹவில்தார். எல்லோரிடமும் கருத்து இருந்தது. ஒருவர்கூடப் பாலைவனத்தைப் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் வடிந்த நேரத்தில், இரண்டு வண்டிகளையும் மாஹிம் கடற்கரைக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தோம். கோலிப் பெண்கள் மீன்கூடைகளை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஈர மணலில் இரண்டும் ஓடின. மேலே உலர்ந்த மணலுக்கு ஏறியதும் லாரி அச்சு வரை புதைந்தது. ஜீப் சக்கரத்தில் காற்றைக் குறைத்துப் பின்னுக்கு எடுத்தான் முத்தையா, வந்துவிட்டது. லாரியை மீட்க ஏழு பேரும் ஒரு மணி நேரமும் ஆயிற்று.

"அத்தான், ஜீப்பு பொண்டாட்டி மாதிரி, சொன்னா கேக்கும். லாரி மாமியா" என்றான். கல்யாணம் ஆகாதவன்.

ஜீப் என்று நான் எழுதினேன். மேலாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: தண்ணீர் போதுமா? பார்சிக்காரர், நல்ல மனிதர், கேள்விகளைச் சிவப்பு மையில் எழுதுவார். டிஸ்போசல் கடையில் கிடைத்த கிழிந்த ராணுவக் கையேடு ஒன்றில், ஆபத்தில் ரேடியேட்டர் தண்ணீரையும் குடிக்கலாம் என்று படித்திருந்தேன். அது கைகொடுத்தது. 'கேன்களில் உள்ளது போக, ரேடியேட்டரில் இரண்டு காலனுக்கு மேல் நீர் கையிருப்பாக இருக்கும்' என்று ஆங்கிலத்தில் பதில் எழுதினேன். சிவப்பு மையில் ஒரு சரி விழுந்தது. முத்தையாவிடமும் அதைச் சொல்லிவைத்தேன்.

மார்கழியில் கிளம்ப வேண்டிய பயணம். கணக்குப் பிரிவில் ஒரு மாதம், காப்பீட்டுக் கடிதத்துக்கு ஒரு மாதம், நிலவியலாளரின் பெயரில் ஒரு எழுத்து பிழையாகப் போனதால் இன்னும் மூன்று வாரம். ஒப்புதல் வந்தபோது பங்குனி முடியப்போகிறது. வெயில் ஏறிவிட்டதே என்று யாரும் கேட்கவில்லை. கோப்பில் பருவத்துக்குக் கட்டம் கிடையாது.

3

ஜீப்பைத் தயார் செய்தது தாராவியில் காசிம் பாயின் பட்டறை. அவர் கடையநல்லூர்க்காரர். சயான் ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும், அதில் ஐந்து நிமிடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு. கம்பெனி வண்டிகள் எல்லாம் அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தன. பட்டறையில் பாதி வருமானம் அதில்.

அன்று அங்கே ஒரு லேத் ஓடிக்கொண்டிருந்தது. இரும்பு சூடாகாமல் இருக்க, வெள்ளையாக ஏதோ அதன் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒருவகை எண்ணெய்; தண்ணீரில் ஊற்றினால் பாலாக மாறிவிடும்.

"என்ன பாய், பால் யாவாரமும் உண்டுமோ?" என்றான் முத்தையா.

"ஆமாலே. ஒரு உழக்கு ஊத்தவா? குடிச்சிட்டுச் சொல்லு, வெண்ண எடுக்கலாமான்னு."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

முத்தையா கேன்களை எடுக்க வெளியே போனதும் பாய் என் பக்கம் திரும்பினார். "சார், இந்த எண்ணெயத்தான் ரேடியேட்டர் தண்ணியிலயும் கலந்து விடுதது. இந்த ஊரு உப்புக்காத்துக்கு இரும்பு உள்ளுக்குள்ள தின்னு போவும். மழைக்கி முன்ன எல்லா வண்டிக்கும் ஊத்திருவோம். இதுக்கும் ஊத்தவா, வேண்டாமா?"

அவர் கேட்டார். இதை நான் தெளிவாக எழுத வேண்டும். ஊற்றவா, வேண்டாமா என்று கேட்டார்.

என் கையில் அட்டையில் செருகிய பட்டியல் இருந்தது. முத்தையாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பதால் தமிழில் எழுதியிருந்தேன். இருபத்துமூன்று வரிகள். பதினாறு முடிந்திருந்தது. ஆறு பத்து ரயிலைப் பிடித்தால்தான் குர்லாவில் மாறிச் செம்பூருக்கு நேரத்தோடு போகலாம்.

"வழக்கமா என்ன செய்வீங்களோ அதையே செய்ங்க பாய்."

பதினேழாவது வரியில் எழுதினேன்: 'ரேடியேட்டர்: துரு எண்ணெய் கலந்தது. சரி.' கீழே கையெழுத்து. ஒரு பிரதி எனக்கு, ஒன்று ஜீப்புக்கு.

ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புக்கும் தமிழில் எழுதிய இந்தப் பட்டியலுக்கும் இடையே மூன்று மாதம். இரண்டையும் எழுதிய கை ஒன்று. இரண்டையும் சேர்த்துப் படித்தவர் ஒருவரும் இல்லை.

4

மூன்று வாரம் கழித்து ஆபீசுக்குத் தந்தி வந்தது. முதலில் வாகனம் மீட்கப்பட்டது என்றிருந்தது. அடுத்து, ஆட்கள் இருவரும் உயிருடன், ஆஸ்பத்திரியில். செய்தியை எந்த வரிசையில் தருகிறார்கள் என்று பார்ப்பது எனக்குப் பழக்கம். அன்று அது உதவவில்லை. வடிவிடம் சொல்லும்போது வரிசையை மாற்றிச் சொன்னேன்.

நடந்தது இது. கடைசியாக ஆள் இருந்த கிராமத்தைத் தாண்டி ஒரு பகல் தூரத்தில், வறண்ட ஓடை ஒன்றில் இறங்கும்போது ஜீப்பின் பின் அச்சு முறிந்தது. விழுந்த வேகத்தில் ஒரு கேன் பற்றுவைத்த ஓரம் பிரிந்து ஒழுகிவிட்டது. இன்னொன்று ஏற்கெனவே காலி. மூன்றாவது கேனோடு இருவரும் ஜீப்பின் நிழலில் உட்கார்ந்தார்கள். நடந்து போகவில்லை. அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தார்கள்.

ஜோத்பூரில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டபோது முத்தையா சொன்னான்: "மொத நாளு தாராளமாத்தான் குடிச்சோம் அத்தான். பெறவு ரேடியேட்டர் இருக்கேன்னு."

இரண்டாம் நாள் சாயங்காலம் கேன் தீர்ந்தது. ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்தான். தகர மூடியில் பிடித்தான். வழியில் அதில் நிரப்பிய தண்ணீரும் எண்ணெயோடு கலந்து, எல்லாம் வெள்ளையாக வந்தது. தாஸ் முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். முத்தையா துண்டில் வடிகட்டிக் குடித்தான். மறுபடியும் குடித்தான். பிறகு விடிய விடிய வாந்தியும் பேதியும், உடம்பில் மிச்சமிருந்த தண்ணீரும் போயிற்று. மூன்றாம் நாள் நடுப்பகலில் ஒட்டகக்காரர்கள் இருவர் அந்தப் பக்கம் வந்திராவிட்டால், தந்தியில் ஒரு சொல் மாறியிருக்கும்.

தாஸ் நான்கு நாளில் எழுந்து நடந்தார். முத்தையாவுக்குப் பன்னிரண்டு நாள். இன்றுவரை அவன் காரம் சாப்பிட முடியாது. தயிர்சாதம், கஞ்சி. இருபத்தாறு வயது.

5

விசாரணை என்று ஒரு காகிதம் வந்தது. ரேடியேட்டர் நீரில் எண்ணெய் கலந்தது யார்? நான் பதில் தயாரித்தேன்: 'பட்டறையில் வழக்கப்படி கலக்கப்பட்டது.' ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நாளிதழில் ஒரு நிருபர் இப்படி எழுதிக்கொடுத்திருந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன். மேலாளர் ஏற்றுக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து கம்பெனி வண்டிகள் காசிம் பாயின் பட்டறைக்குப் போகவில்லை.

வீட்டிலும் அதேதான். "அந்த பாயி கண்டதையும் ஊத்தி எந் தம்பி வயித்தப் பொசுக்கிட்டாரு" என்று வடிவு வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் பேப்பரை விரித்துக்கொண்டு அதன் பின்னால் இருந்தேன். ஒருமுறை, "அவருக்கு என்ன தெரியும், விடு" என்றேன். என் பெருந்தன்மை என்று அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

பாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'நான் கேட்டேன், நீங்கள்தான் ஊற்றச் சொன்னீர்கள்' என்று அவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றிருக்கலாம். வரவில்லை. சயான் ஸ்டேஷனில் ஒருநாள் எதிர்ப்பட்டபோது, "சுகமா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முத்தையா பம்பாய்க்குத் திரும்பியதும் டாக்ஸியை விட்டுவிட்டான், வெயிலில் முடியவில்லை. பாயின் பட்டறையிலேயே உட்கார்ந்து செய்யும் வேலை பார்க்கத் தொடங்கினான். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவன், வருவதை நிறுத்திவிட்டான். காரம் சேராததால் கூச்சப்படுகிறான் என்று வடிவு நினைத்தாள். தனியாகச் சமைத்துத் தூக்கில் போட்டு என்னிடம் தருவாள். நான் பட்டறை வாசலில் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவேன்.

கோமதி, எங்கள் மகள், நாலாவது படிக்கிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். தெருவில் ஹிந்தி, பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் இரண்டும் கலந்த ஏதோ ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கையால் எழுதிக் கொடுக்கும் பத்து வரியை அவள் வாசிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் அவ்வளவுதான். ஒருநாள் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்பா, மாமா ஏன் வர்றதே இல்ல? நம்ம மேல நாராஸா?" கோபம், வருத்தம் இரண்டுக்கும் அவளிடம் அந்த ஒரு சொல்தான்.

"நம்ம மேல இல்ல" என்றேன். அது முழு உண்மை என்று நான் நினைக்கவில்லை.

ஒரு வருடம் இப்படிப் போயிற்று. ஒவ்வொரு மாதமும் இந்த மாதம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஊருக்குக் கடிதங்கள் எழுதினேன். பம்பாய் மழை, கோதுமை ரேஷன், டிராமை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு எல்லாம் அவற்றில் இருந்தது.

6

கோப்பு திரும்பி வந்த அன்று, டிரைவர் என்ற கட்டத்தைப் பார்த்தேன். முத்தையா என்றே இருந்தது. அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள், சரி என்றிருக்கிறான். பர்மனென்ட் என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. வழி தெரிந்தவனும் அவன் ஒருவன்தான். தேதியை மாற்றி அனுப்ப வேண்டிய குறிப்பில் அந்த வாக்கியம் அப்படியே இருந்தது: ரேடியேட்டரில் இரண்டு காலனுக்கு மேல் நீர் கையிருப்பாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கோப்பின் பிரதியை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். தூக்கும் கையில் இருந்தது. பாய் ஒரு கியர்பெட்டியைப் பிரித்து வைத்திருந்தார். முத்தையா கீழே சாக்கில் உட்கார்ந்து பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். பாய் கேட்டது, நான் சொன்னது, ஆறு பத்து ரயில், விசாரணைக்கு நான் எழுதிய பதில். சொல்ல நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

முத்தையா கையைத் துடைத்தான். சுவரில் தொங்கிய சட்டையின் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான். லைசென்ஸ் வைக்கிற உறை. அதற்குள் நான்காக மடித்த காகிதம். பிரித்து நீட்டினான். என் கையெழுத்து. இருபத்துமூன்று வரி.

"ரெண்டர நாளு அங்கன கெடந்தேன். அதக் குடிச்ச பெறவுதான் இதப் பிரிச்சேன். படிக்கதுக்கு வேற என்ன இருந்திச்சு அத்தான்? மனப்பாடமாச் சொல்லவா? பதினாறு, மின்விசிறிப் பட்டை, சரி. பதினேழு..."

"போதும்லே" என்றார் பாய்.

"இரும் பாய். ஒரு வருசமாப் பாத்துட்டு இருக்கேன், இவுகளாச் சொல்லுதாவளான்னு. தூக்க வாசல்ல வச்சிட்டு ஓடுதாவ. எங்க அக்கா ஒம்மத்தான் ஊரெல்லாம் ஏசுதா."

"ஏசட்டும். கொழுந்தியா மொறன்னு வச்சுக்கிடுதேன்" என்று பாய் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவரே ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

எது பொருத்தமான வாகனம் என்று அவனிடம் கேட்டேன். நான்கு மாதம் இந்த நகரத்தில் எல்லோரிடமும் கேட்ட கேள்வி. போய்வந்தவனிடம் அன்றுதான் கேட்டேன்.

"ஜீப்புதான். அதுல நீங்க எழுதுனது தப்பில்ல. லாரின்னா மொத நாளே பொதஞ்சிருக்கும்." சக்கரம் ஒன்றைக் கையில் திருப்பிப் பார்த்தான். "ஆனா ஒத்தையில போவப்படாது. என்னத் தூக்கிட்டு வந்த ஒட்டகக்காரன் அதத்தான் கேட்டான், எங்க ரெண்டாவது வண்டின்னு. அவங்க ஒரு ஒட்டகத்தோட எங்கயும் கெளம்ப மாட்டாங்களாம். ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணு."

ஜீப்பா லாரியா என்று மாஹிம் கடற்கரையில் நின்று கணக்குப் பார்த்தபோது, இரண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை புதுக் குறிப்பு எழுதினேன். ஜீப் இரண்டு, ஒன்று இங்கிருந்து, மற்றது ஜோத்பூரில் வாடகைக்கு. ரேடியேட்டர்களில் குழாய்த் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. கடைசிப் பத்தியில், சென்ற முறை எண்ணெய் கலக்கச் சொன்னது நான்தான், பட்டறைக்காரர் கேட்டுத்தான் செய்தார் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேலாளர் நெடுநேரம் படித்தார். இரண்டாவது ஜீப்புக்கு ஒப்புதல் தந்தார். வண்டிகளைப் பாயிடமே திரும்பவும் அனுப்பலாம் என்றார். கடைசிப் பத்தியை மட்டும் சிவப்பு மையால் அடித்தார். முடிந்துபோன விசாரணை, கோப்பில் இது வேண்டாம் என்றார். அவர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். கோப்பில் இடம் கிடைக்காததை இங்கே எழுதிவிட்டேன். தென்காசி நண்பர் இதை இரண்டு தெருக்களிலும் படித்துக் காட்டலாம்.

வடிவிடம் அன்றே சொன்னேன். மறுநாளிலிருந்து தூக்கில் இரண்டு பேருக்குச் சோறு இருந்தது. அதை அவளே கொண்டுபோனாள்.

புறப்பட்ட அன்று காலை பட்டறைக்குப் போனேன். கையில் புதிய பட்டியல், பதினேழாவது வரி காலியாக. ஜீப்பின் ரேடியேட்டரை முதல்நாளே மூன்று முறை கழுவி, முனிசிபல் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்திருந்தார்கள். இன்ஜின் ஆறியிருந்தது. முத்தையா குனிந்து அடிக்குழாயைத் திறந்து, டீ கிளாஸ் நிறையப் பிடித்தான். கண்ணாடி வழியே பார்த்தேன். லேசான பழுப்பு.

"குடிங்க அத்தான்."

குடித்தேன். துருவும் ரப்பரும் கலந்த வாசனை. பாதியில் நிறுத்தினேன்.

"முழுசும்."

முழுவதையும் குடித்தேன். அவன் கிளாஸை வாங்கிக் கவிழ்த்து வைத்தான்.

"இப்ப எழுதுங்க."

'ரேடியேட்டர்: வெறும் தண்ணீர். குடித்துப் பார்த்தேன். சரி' என்று எழுதிக் கொடுத்தேன். ஹார்னை அடித்து, நேரமாகிவிட்டது என்று தாஸ் கூப்பிட்டார். முத்தையா கைகாட்டி அவரை இருக்கச் சொன்னான். ஜீப்பின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்று, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, இருபத்துமூன்றையும் படித்து முடித்த பிறகுதான் ஏறினான்.